கோவிலுக்குக் கொடுத்த சீசா

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை,
4-7-1957

கண்டித் தோட்டத்தில் இருக்கும் என் கணவர் அவர்களுக்கு அற்புதமேரி எழுதுவது.

தங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன் என்று எழுதத்தான் கை போகிறது. பதினோரு வருஷப் பழக்கம், லேசில் விடுமா.

அத்தை சுகம், இங்கே எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார்கள். நம் ஆவூரில் ஒரு மழை பெய்து கடலை விதைத்தாயிற்று. என் மூன்றாம் வகுப்பை இன்னாசி வாத்தியார் பார்த்துக்கொள்கிறார். நான் லீவு போட்டுவிட்டு, பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் மகள் சந்தனமேரியை இங்கே சேர்த்து இன்றோடு பன்னிரண்டு நாள். அதே டைபாய்டு காய்ச்சல் திரும்பிவிட்டது.

நீங்கள் லீவில் வந்திருந்தபோது நடந்ததை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். டாக்டர் ஐம்பது கேப்சூல் மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு. "காய்ச்சல் நின்னுருச்சுன்னு மாத்திரைய நிறுத்திராதீங்க டீச்சரம்மா, சீசா காலியாகுற வரைக்கும் குடுக்கணும்" என்று நம் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் நீங்கள் தனியாகப் புதுக்கோட்டை போய்விட்டு வந்து, டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள்.

எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. அத்தைதான், "மாதாவே எறக்கிவிட்ட காச்சலுக்கு இன்னும் எதுக்குத்தா மாத்திரை, அவள நம்பலையா நீ" என்று என்னை அடக்கினார்கள். நேர்ச்சை செலுத்திய பிறகு மருந்து கொடுத்தால் மாதாவைச் சந்தேகித்த மாதிரி ஆகுமென்று நம் ஊரில் நினைப்பதுதானே. நானும் அதற்குப் பயந்தேன், அந்தத் தப்பு என்னுடையது. நீங்கள் நேர்ச்சை மெழுகுவர்த்தியோடு அந்தச் சீசாவையும் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனீர்கள். மிச்சமிருந்த இருபத்திரண்டு மாத்திரையையும் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டேன், ஏழைகள் யாருக்காவது உதவட்டும் என்றீர்கள். அன்றைக்கு உங்களை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்ன பைத்தியக்காரி நான்.

நீங்கள் கப்பலேறிப் பதினைந்து நாள் ஆகவில்லை, பிள்ளைக்கு மறுபடி உடம்பு கொதித்தது. மாத்திரையைத் திருப்பிக் கேட்கலாமென்று சாமியாரிடம் ஓடினேன். அவரோ, "எந்தச் சீசாம்மா? உங்க வீட்டுக்காரரு மெழுகுதிரி மட்டுந்தான கொளுத்திட்டுப் போனாரு" என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டால் நீங்கள் அன்று டாக்டரைப் பார்க்கவே இல்லையாம்.

வீட்டில் உங்கள் பேருக்கு ஒரு கடிதம் கிடந்தது. நீங்கள் புறப்பட்ட நாலாம் நாள் தோட்டத்திலிருந்து வந்தது. உங்கள் கடிதத்தை நான் பிரிப்பதில்லை, திருப்பி அனுப்ப எடுத்துவைத்திருந்தேன். சாமியாரைப் பார்த்துவிட்டு வந்து பிரித்தேன். கோணல்மாணலான எழுத்து. 'நம்ம தம்பிக்குக் காச்சல் விடவில்லை. நல்ல மாத்திரை கிடைச்சிருக்கு கொண்டாரேன்னு எழுதினீங்களே, சீக்கிரம் வாங்க. அப்பா எங்கேன்னு கேக்குறான்.' கீழே செவந்தி என்று கையெழுத்து.

அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயசு, எத்தனை வருஷமாக இது நடக்கிறது, நான் கேட்கப்போவதில்லை. அதை அழுது தீர்த்துக்கொள்ள எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்தச் சீசாவைக் கையில் எடுத்தபோது சந்தனமேரி பக்கத்தில் படுத்திருந்தாளே. அப்பா சீக்கிரம் வாங்க என்றுதான் அவளும் உங்களை வழியனுப்பினாள். ஒரு பிள்ளை வாயிலிருந்து பிடுங்கி இன்னொரு பிள்ளைக்கு ஊட்ட எப்படி மனசு வந்தது? என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் டாக்டர் காலில் விழுந்தாவது அந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி கேட்டிருப்பேன். நீங்கள் என்னை அவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

என் தம்பி தைரியநாதன் திருச்சிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தான். இந்தத் தடவை சுவரில் கரிக்கோடு போட்டு மணி தவறாமல் கொடுக்கிறேன். நேற்றுக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஆனால் உடம்பில் எலும்புதான் மிச்சம். மருந்து முழுதும் முடிகிறவரை எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். அத்தை இப்போது கோடுகளைத் தானே எண்ணிப் பார்க்கிறார்கள், மாதாவும் மாத்திரையும் சண்டைக்காரர்கள் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். செவந்தி விஷயம் அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

இனி எழுதுவது செவந்திக்கு. நீங்களே அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒரு வரியும் விடாமல்.

அம்மா, என் மகள் சீசாவில் இருந்தது இருபத்திரண்டுதான். இன்னொரு பிள்ளைக்கென்று டாக்டர் கொடுத்ததை உன் பிள்ளைக்குக் கொடுத்தது தப்பு. அவனுக்கு என்ன காய்ச்சல், அவன் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று யாருமே பார்க்கவில்லை. கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியிருக்கும், நீ சந்தோஷப்பட்டிருப்பாய். எங்களுக்கும் அப்படித்தான் இறங்கியது. அவன் ஓடி விளையாடினாலும் சரி, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. எந்த மாத்திரை, எத்தனை கொடுத்தாய் என்று ஒளிக்காமல் சொல்லு, திட்டினால் திட்டட்டும். அவர்கள் மருந்து கொடுத்தால் அவர்கள் சொன்ன கடைசி நாள் வரை கொடு. யார் போதும் என்று சொன்னாலும் கேட்காதே, அவன் அப்பா சொன்னாலும் கேட்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடு.

வாசித்தாயிற்றா? இனி உங்களுக்கு ஒன்றே ஒன்று. தினமும் சந்தனமேரிக்காகச் செபமாலை சொல்லும்போது அந்தப் பிள்ளை நினைவும் குறுக்கே வருகிறது. தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. அவன் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாமல் எப்படி வேண்டிக்கொள்வது? பெயரை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தனமேரியின் தாய்
அற்புதமேரி