வால் விட்டால் ஒரு தெறி

செப்டெம்பர் 17, புதன்

இன்று ஒரு கொரியன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர் ஆனேன். ஐம்பத்திரண்டு வயதில்.

பள்ளியை நடத்தும் மதாம் ஹான் போன கிழமை மேடைத் திரைக்குத் துணி வாங்க லா சப்பல் கடைத்தெருவில் என் சாறிக் கடைக்கு வந்தவர். அந்நேரம் நான் தொலைபேசியில் துபாய் வியாபாரியோடு ஆங்கிலத்தில் சண்டை. எண்பது சாறி நிறம் மாறி வந்திருந்தது. திருப்பி எடுக்க மாட்டானாம். எடுக்க வைத்தேன். நின்று கேட்ட மதாம் ஹான், "எங்கள் ஆங்கில ஆசிரியர் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். புதன்கிழமைகளில் நீங்கள் வர முடியுமா?" என்றார். புதன் பின்னேரம் கடையில் ஈ கலைக்கிற நேரம். ஓம் என்றேன்.

இரண்டாம் மெத்ரோ, பிறகு ஆறாம் மெத்ரோ. வாசலில் சப்பாத்துக் கழற்ற வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? என் கால்மேசில் ஓட்டை. பதினொரு பிள்ளைகளும் என் பெருவிரலையே பார்த்தார்கள். கால்விரலுக்கு ஆங்கிலத்தில் என்ன? அதையே முதல் பாடமாக்கினேன்.

செப்டெம்பர் 18

என் மனுசன் லோறன்ஸ் காலையிலேயே தொடங்கிவிட்டார். "ரீச்சர், தேத்தண்ணி போடட்டோ? உன்ரை இங்கிலீசு சந்தை இங்கிலீசெல்லோ!"

"ஓம், சந்தை இங்கிலீசுதான். நாலு நாட்டிலை வித்த இங்கிலீசு. நீர் தேத்தண்ணியைப் போடும்."

ஒக்டோபர் 1

இந்தப் பிள்ளைகள் எந்தச் சொல்லையும் மூடுவதில்லை. கேக் என்று சொல்லக் கேட்டால் "கேய்க்கு" என்கிறார்கள். பஸ் கேட்டால் "பொசு". சொல்லுக்குப் பின்னால் ஒரு வால். கடைக் கதவை இழுத்துப் பூட்டுகிற மாதிரி கையைக் காட்டினேன். "க்" — பூட்டியாச்சு. பதினொரு கதவும் ஒன்றாக விழுந்தன. என்ன சத்தம்! பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

ஒக்டோபர் 8

மாட்டுப்பட்டேன்.

அவசரத்தில் நானே "கேக்கு" என்றுவிட்டேன். எட்டு வயது ஹாரின் எழும்பி நின்றாள். "ரீச்சருக்கும் வால்!"

உண்மைதானே. எங்கள் ஆட்கள் கேக்கு வெட்டி, சேட்டுப் போட்டு, கோட்டு மாட்டுகிறவர்கள். கைப்பையில் கடைக்கு வாங்கிய சட்டைத் தெறி, அதுதான் பொத்தான், ஒரு பெட்டி இருந்தது. ஆளுக்குப் பத்துத் தெறி கொடுத்தேன், எனக்கும் பத்து. வால் விட்டால், கண்டுபிடித்தவருக்கு ஒரு தெறி கொடுக்க வேண்டும். ரீச்சருக்கு விலக்கு இல்லை.

இதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் இன்று ஆங்கிலம் கதைத்தார்கள். தெறிக்காக.

ஒக்டோபர் 15

நான் மூன்று தெறி தோற்றேன். ஹாரின் ஒன்றும் தோற்கவில்லை, கள்ளி.

நவம்பர் 5

வகுப்பு முடிய மதாம் ஹான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ரீச்சருக்கும் வால் இருக்கிறது என்று ஹாரின் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தாய் மதாம் யுன் முறைப்பாடு எழுதிவிட்டார்: ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்தான் வேண்டும். மன்செஸ்ரரில் இருந்து வந்த ஒரு பெடியன் தயாராக நிற்கிறானாம். பத்தொன்பதாம் திகதி தாய்மார் வகுப்பில் வந்து இருப்பார்கள். அதற்குப் பிறகு முடிவு.

மெத்ரோவிலை வரேக்கை கோவம் கோவமா வந்தது. இந்தக் காசு இல்லாட்டி என்ன, கடை பூட்டுப்படுமோ? இல்லை. பிறகு ஏன் இந்தக் கோவம்? — அந்தப் பிள்ளையளை விடேலாமல் இருக்கு. வேறை ஒண்டும் இல்லை.

நவம்பர் 12

நேற்று லோறன்ஸ் சொன்ன யோசனை: "அண்டைக்குத் தெறிப் பெட்டியை ஒளிச்சுப்போட்டு, பாத்துப் பாத்துக் கதை. ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?"

இரவு முழுக்க இதை யோசித்தேன். கறை பட்ட துணியை உள்ளே மடித்து வைத்து விற்கலாம். ஒரு தரம் விற்கலாம். நான் கறையை முதலில் காட்டித்தான் விற்பேன். இருபது வருடக் கடை அப்படித்தான் நிற்கிறது. பெட்டி என்னோடு வரும்.

நவம்பர் 19

ஏழு தாய்மார் பின்வரிசையில். அவர்களுக்கும் ஐந்தைந்து தெறி கொடுத்தேன். மதாம் யுன் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மேசையில் சாமான்களைப் பரப்பிச் சந்தை விளையாட்டுத் தொடங்கினேன். பத்து நிமிடம் நல்லாய்ப் போனது. பிறகு, பயத்திலோ என்னவோ, வந்து விழுந்தது: "கேக்கு."

ஹாரின் கேட்டுவிட்டாள். வாய் திறந்தது. தாயைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்!

நான் அவளிடம் போய், அவர்கள் வழக்கப்படி இரண்டு கையாலும் ஒரு தெறியைக் கொடுத்தேன். "இது உன்னுடையது. சட்டம் சட்டம்தான்."

மதாம் யுன் எழும்பினார். ஆங்கிலத்தில் கேட்டார்: "நீங்களே 'கேய்க்கு' என்றால், பிள்ளையை எப்படித் திருத்துவீர்கள்?"

"அம்மாவுக்கும் வால்!" — பதினொரு பேரும் ஒரே குரலில்.

தாய்மார் சிரித்து ஓயவிட்டுச் சொன்னேன்: "மதாம், நான் சொன்னது 'கேக்கு', நீங்கள் சொன்னதுதான் 'கேய்க்கு'. மன்செஸ்ரர் பெடியனுக்கு வால் இல்லை. அதனால் அது எங்கே முளைக்கும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு தெறியை வாங்கி மகளிடம் கொடுத்தார். பிறகு, "தாய்மாருக்கும் வகுப்பு உண்டா?" என்றார்.

வாங்குகிறவர் இன்னொரு நிறம் இருக்கிறதா என்று கேட்டால் சாமான் விற்றாயிற்று. முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

நவம்பர் 21

மதாம் ஹானும் மதாம் யுன்னும் கடைக்கு வந்து எழுதி ஒப்பமிட்டது: ஜூன் முடியும் வரை புதன்தோறும் இரண்டு மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு முப்பது ஈரோ. மாதம் ஒரு தரம் மன்செஸ்ரர் பெடியன் கதை வாசிக்கலாம். திங்கள் காலை தாய்மாருக்கு ஒரு மணித்தியாலம், நாற்பது. நாற்பத்தைந்துதான் கேட்டேன், மதாம் யுன் ஆங்கிலத்தில், ஒரு வாலும் விடாமல், பேரம் பேசினார் — ஐந்தை விட்டுக்கொடுத்தேன். தெறி என் செலவு. வால் விட்டால் ஒன்று, ரீச்சருக்கும்.