கையால் எறியும் கிளைடர்

1974 பிப்ரவரி 9, சனி

கடையில் ரேடியோவால் திருப்பி ஓட்டும், எஞ்சின் இல்லாத பொம்மை விமானமான கிளைடரின் பெட்டிகள் இரண்டு இருந்தன. என் வீட்டுக்காரர் பெரியதை எடுத்தார். "இது ரொம்ப நேரம் மிதக்கும். நான் கயிறு கட்டி இழுத்துட்டு ஓடறேன், நீ ரேடியோவைப் பார்த்துக்கோ."

சின்னதைக் கையாலேயே எறியலாம். "எனக்கு இதுதான் வேணும்," என்றேன்.

"அப்போ நான் எதுக்கு?" என்று சிரித்தார். சின்னதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாண்ட்ரியலில் பஸ் ஏறக்கூட இவர் துணை வேண்டியிருக்கிறது. ஒன்றையாவது நானே வானத்துக்கு அனுப்ப வேண்டும்.

மாலை முழுதும் பெட்டியிலிருந்த, தக்கை போல லேசான பால்சா மரப்பலகையை முகர்ந்துகொண்டிருந்தேன். வசந்தத்தில் அதைப் பறக்கவிடும் நாள் கண்ணுக்குள் வந்தது: பனி உருகிய புல்வெளி, என் கையை விட்டு நழுவும் வெள்ளைச் சிறகு, அதன்பின் சத்தமே இல்லை.

"கீழே விழுந்தா எடுத்துட்டு வரவாவது கூப்பிடுவியா?" என்று கேட்டார்.

கூப்பிடுவேன் என்றேன். பறக்கவிடும் முதல் நாள் தனியாகத்தான் போவேன் என்பதைச் சொல்லவில்லை.