கால் பயிற்சி வகுப்புக்கு எதிராக நான் கொடுத்த புகாரைத் தள்ளுபடி செய்யக் கோருதல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
சமூகக்கூடத்துக்கு அடுத்த வீடு.

பெறுநர்:
நகராட்சி நல அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மூத்த பெண்களுக்கான கால் பயிற்சி வகுப்பை மீண்டும் தொடங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சமூகக்கூடத்தில் வாரம் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு நடந்துவந்த மேற்படி வகுப்பு ஒன்பது மாதங்களுக்கு முன் நிறுத்தப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பயிற்சியாளர் கைதட்டியதும் சட்டென்று ஒரு காலை எட்டி வைப்பது, இவைதான் அங்கு நடந்தவை. சத்தம் தாங்கவில்லை என்று புகார் எழுதியவன் நான்தான். முப்பத்திரண்டு வருடம் விடியுமுன் எழுந்து வண்டி எடுத்தவன். ஓய்வுக்குப் பிறகாவது எட்டு மணி வரை தூங்க ஆசைப்பட்டேன். ‘கிழவிகளின் கும்மாளம்’ என்று அதில் எழுதியிருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

2. பதினைந்தே நாளில் தாங்கள் நடவடிக்கை எடுத்தீர்கள். என் புகாரின் நகலோடு உத்தரவு கூடத்தின் கதவில் ஒட்டப்பட்டது.

3. என்னோடு வசிக்கும் என் அக்காவுக்கு எழுபத்தோரு வயது. தையற்கூடத்தில் நாற்பது வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் அந்த வகுப்புக்குத்தான் போய்வந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேலி செய்வேன் என்று மறைத்தாராம். வகுப்பு நின்ற சில மாதங்களில், நாற்காலியிலிருந்து எழ இரண்டு மூன்று முறை முயல வேண்டியதாயிற்று. வயதானால் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

4. சென்ற மாதம் ஆறாம் தேதி காலை, அடுப்படிக்குப் போகும்போது மிதியடி தடுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தரையில் ஈரமில்லை. நான் நான்கடி தூரத்தில்தான் நின்றேன். அக்கா வகுப்புக்குப் போனதே, மருத்துவமனைக்குப் பார்க்க வந்த பழைய பயிற்சியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விழுந்ததற்குக் காரணம் கேட்டேன். “கால்ல பலம் இருந்தா மட்டும் போதாதுங்க. தடுக்கினதும் அடுத்த காலு சட்டுனு முன்னாடி போய் ஊனணும். அதுக்குத்தான் கைதட்டிக் கைதட்டிப் பழக்கினேன்” என்றார். பிரேக்கில் கால் வைக்க அரை நொடி தாமதமானால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் சத்தம் என்று எழுதியது அந்தக் கைதட்டலைத்தான்.

5. அன்று மாலையே அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். “உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாடா? கதவுலயே பார்த்தேன். தூங்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

6. வகுப்புக்கு வந்த மற்ற பத்துப் பேரின் வீட்டுக்கும் போனேன். இருவர் மகன் வீட்டோடு போய்விட்டனர். ஒருவர் அக்காவைப் போலவே விழுந்து படுக்கையில் இருக்கிறார். மீதி ஏழு பேர் கையொப்பம் இட்டுள்ளனர். அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இம்மனுவில் மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்திய பிறகே பேனாவைத் தொட்டார். என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டே.

7. கூடத்தில் இப்போது உடைந்த மேசைகள் அடுக்கப்பட்டுள்ளன. உத்தரவிட்டால் நானே அவற்றை வெளியே எடுத்து வைக்கிறேன். என் அக்கா இனி கைத்தாங்கல் இல்லாமல் நடக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த ஏழு பேரின் கால்களைப் பழக்க இன்னும் காலம் இருக்கிறது என்கிறார் பயிற்சியாளர். அவர்களில் யாராவது விழுமுன் கதவைத் திறந்துவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மருத்துவமனை, எலும்பு முறிவுப் பிரிவு
நாள்: 14, செவ்வாய்க்கிழமை

தவறிழைத்த மனுதாரர்,
(கையொப்பம்)

இணைப்பு: ஏழு பேரின் கையொப்பம்.