நீ சேர்த்த கூட்டம்

மச்சான்,

உன் புத்தகம் ஒன்று என் குசினி மேசையில் கிடக்கிறது. திறந்தால் தைல மணம் அடிக்கிறது. தடிமன், சளி இல்லாத நாளிலும் மூக்கடியில் தைலம் பூசிக்கொண்டு வாசித்தவன் நீ. மூன்று நாளாக அதை எடுத்து வைக்கவும் மனமில்லை, பக்கத்தில் இருந்து சாப்பிடவும் முடியவில்லை. பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது.

நீ செத்துப்போய் இரண்டு மாதம். வில்லியே லே பெல்லில் உன் அறையை வெறுமையாக்கியபோது, ஒரு பெட்டி நிறைய உன் அமெரிக்க நாவல்களை நான்தான் ரயிலில் சுமந்து வந்தேன். மகள் சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாளே, அவளுக்கு உதவும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த வருடம் அவளுக்கு உன் ஆட்கள்தான் பாடம். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கா. ஆலை, குளிர், பசி, குடி என்று ஒரு மனிதனை நாலு பக்கமும் நெருக்கி நசுக்கிவிட்டு, அவன் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிற கதைகள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்த உணவகத்தில் நாம் கோப்பை கழுவிய காலத்தில் நீயும் இதைத்தான் ஓதுவாய். "மனிசன் தான்தான் முடிவெடுக்கிறன் எண்டு நினைக்கிறான், மச்சான். பிறந்த வீடும் ஊரும் பசியும்தான் முடிவெடுக்குது." எனக்கு அப்போதே சந்தேகம். யாரையோ தப்பவிடத்தான் ஒருவன் இப்படிக் கதை எழுதுவான் என்றேன். "ஓம், உன்னைத்தான்," என்று சிரித்தாய். பகிடி என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாளுக்கு முன் மகள் இந்தப் புத்தகத்தை விரித்தபடி குசினிக்குள் வந்து பிரெஞ்சில் கேட்டாள். "பப்பா, இதிலை ஏன் உங்கடை பேர்?"

பென்சிலில், உன் சரிந்த எழுத்தில், என் பெயர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தப் பத்தியை அவள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனாள். ஆலைத் தொழிலாளர் தங்கும் விடுதியில் தீ. மேல்மாடியில் தம்பி. அண்ணன் திரும்பி ஏறப் பார்க்கிறான். படிக்கட்டில் இறங்கி ஓடும் கூட்டம் அவனை அள்ளிக்கொண்டு வந்து தெருவில் விடுகிறது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட என் கதை அது. படிக்கட்டுக்குப் பதில் கடல்நீரேரிக் கரை, தெருவுக்குப் பதில் படகு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வாசிக்கேக்கை அவருக்கு என்ரை கதை ஞாபகம் வந்திருக்கும்," என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் நம்பும்படி சொல்ல வரவில்லை.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில், தேநீர்க் கடையின் கடைசி மேசையில் இருந்துதான் நீ எல்லாருக்கும் அகதி விண்ணப்பத்துக்குக் கேஸ் எழுதுவாய். நானும் நடந்ததைச் சொன்னேன். ஷெல் அடித்தது, வீடு போனது, அப்பா போனது, விடியப்புறம் கரையில் படகுக்கு நின்றது. எல்லாம் உண்மை; எதிலும் நீ கை வைக்கவில்லை. பிறகு, தம்பி போத்தலில் தண்ணீர் நிரப்பிவரக் கிணற்றடிக்குப் போனதைச் சொன்னேன். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் படகோட்டி "தம்பியைப் பாப்பமோ, வெளிக்கிடுவமோ?" என்று கேட்டதையும், நான் "வெளிக்கிடுங்கோ" என்றதையும், படகு புறப்பட்டதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. உன் பேனை நின்றது.

"கரையிலை கன சனமோ?"

"இல்லை. நாலைஞ்சு பேர்."

"நாலைஞ்சு பேரும் சனம்தானே," என்று எழுதத் தொடங்கினாய்.

நீ வாசித்துக் காட்டியபோது கூட்டம் என்னைப் படகுக்குள் தள்ளியிருந்தது. எந்தப் புத்தகத்திலிருந்து வந்த கூட்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. "இப்பிடி நடக்கேல்லையடா," என்றேன். "பயம் தள்ளினா என்ன, சனம் தள்ளினா என்ன? நீ போகேல்லை மச்சான், உன்னைக் கொண்டு போனது," என்றாய். எனக்கும் அது அப்போது இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்? விசாரித்த அதிகாரி அந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனைவிக்கும், பிறகு மகளுக்கும் அந்தக் கூட்டத்தையே சொன்னேன். சொல்லச் சொல்ல, யாருடையதோ முழங்கை என் விலாவில் இடித்த நோவுகூட ஞாபகம் வரத் தொடங்கிவிட்டது.

புத்தகத்தில் வேறு பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பெயர்கள் இருக்கின்றன. கேள்விக்குறி எனக்கு மட்டும்தான். ஒரு பெயர் நாம் வழக்கமாகப் போகிற மரக்கறிக் கடை அண்ணையுடையது. முந்தநாள் அவரிடம் முருங்கைக்காய் வாங்கும்போது உற்றுப் பார்த்தேன். இந்த மனிதரை எந்தக் கூட்டம் எங்கே தள்ளியது? "என்ன, புதுசாப் பாக்கிறீர்?" என்றார். சும்மா என்றேன். உன் செத்தவீட்டில் கைகட்டி நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் வருகிறது. எல்லாரையும்விட உன்மேல்தான். உன் பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடினேன், இல்லை. ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. என்மேல் இரங்கி எழுதினாயா, அல்லது எல்லாரும் தள்ளப்பட்டவர்கள் என்றால் நீயும் தப்பலாம் என்று எழுதினாயா?

உன் நாவல்காரர் முழுக்கப் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆலை நசுக்கும், பசி கொல்லும். ஷெல் விழாவிட்டால் நான் அந்தக் கரைக்கே போயிருக்க மாட்டேன். ஆனால் படகோட்டி என்னைத்தானே கேட்டார்? ஷெல்லையா கேட்டார்?

நேற்று மகள் மறுபடி வந்து எதிரில் இருந்தாள். தன் ஆய்வின் முதல் பக்கத்தில் என் கதையைப் போட வேண்டுமாம். அந்த எழுத்தாளர்கள் சொன்னது சரி, என் அப்பாவே சாட்சி என்று எழுதப் போகிறாளாம். "போடட்டோ, பப்பா?" என்று கண்ணுக்குள் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள். பிள்ளை என்னைச் சோதிக்கிறாள் என்று தெரிந்தது. ஓம் என்றால் அதோடு முடிந்தது. ஆனால் என் தம்பி இன்னொரு தடவை இல்லாத சனத்துக்குள் காணாமல் போவான்.

"கூட்டம் இல்லை, பிள்ளை," என்றேன். "படகிலை இடம் இருந்தது. ஓட்டி கேட்டவர். நான்தான் வெளிக்கிடுங்கோ எண்டனான்."

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், தமிழில் கேட்டாள்.

"சித்தப்பா திரும்பி வந்து பாத்திருப்பாரோ?"

அதை நீ கேட்கவில்லை, மச்சான். கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாய். உனக்கும் சொல்லாததை நான் நேற்று அவளுக்குச் சொன்னேன். படகு அவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி கரையில் நின்றான். கத்தவில்லை. நாங்கள் திரும்பி வருவோம் என்று நினைத்தானோ என்னவோ, போத்தலை மேலே தூக்கிக் காட்டினான். அது நிரம்பியிருந்தது.