‘ஆனால்’ என்று சொன்னவர்கள்

தம்பி,

இன்று காலை ஆபீசுக்கு இறங்கும்போது மாடிப்படி முழுக்க எனாமல் பெயின்ட் வாடை. கீழ்வாசலில் பெஷாவர்க்காரர் ஒருவர் ஸ்டூல் மேல் நின்று, தகரப் பலகையில் அரபியில் எழுதிக்கொண்டிருந்தார். உன்னோடு பழகியதில் எனக்கும் நாலு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ‘குடும்பங்களுக்கு மட்டும்.’ என்னைப் பார்த்து, “அச்சா ஹை, பாய்?” என்று கேட்டார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு நடந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வாடை மூக்கிலேயே நின்றது.

உன் அண்ணனின் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மஞ்சள் காமாலை என்றும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து இறந்துபோனாய் என்றும் எழுதியிருந்தார். உன் பெட்டியில் என் விலாசம் இருந்ததாம். அதனால் தெரிவிக்கிறாராம். உனக்கு முப்பத்தாறு வயதுகூட முடிந்திருக்காது.

இங்கே குவைத்தில் நாம் வேலை பார்த்த அந்த நகரத் திட்ட ஆபீசில் நீ டிராப்ட்ஸ்மேன், நான் டைப்பிஸ்ட். ஒரே அறையில் எதிரும் புதிருமாக நாலு வருஷம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபர்வானியாவில் என் வீட்டில்தான் உனக்குச் சாப்பாடு. நான் அண்ணாச்சி, என் மனைவி மதினி. வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய், “மதினி, இன்னிக்கு என்ன குழம்பு?” என்று மூடியைத் திறந்து பார்ப்பாய். அவளுக்கு அது பிடிக்கும். இந்த ஊரில் அவளிடம் அப்படி உரிமையாகப் பேச வேறு யாரும் இல்லை.

அந்த வருஷம் நகராட்சி நம் ஆபீசுக்கு ஒரு வேலை கொடுத்தது. ஓமான், பஹ்ரைன், ஏமன் என்று பல நாடுகளிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் தங்க இடமில்லாமல் இருந்தார்கள். குடும்பங்கள் இருக்கும் தெருக்களில் தனி ஆட்களுக்கு வீடு கிடையாது. அவர்களை எங்கே வைப்பது? ஊரெங்கும் பேட்டைக்குப் பேட்டை பத்துப் பேர் தங்கும் சின்ன வீடுகளா, கடைசி ரிங் ரோட்டுக்கு அப்பால் ஒரே பெரிய கட்டடமா? அங்கங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு எழுதித் தர வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர்களை மட்டும் கேட்டால் போதும் என்றார் மேலாளர். நீ விடவில்லை. “சொந்தக்காரன் வேற ஏரியாவுல இருக்கான் சார். பக்கத்து வீட்டுல இருக்கப்போறது வாடகைக்காரன்லா? அவனையும் கேக்கணும்” என்று இங்கிலீஷும் தமிழுமாக வாதாடினாய். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நல்ல மனிதர்தான் அவர். இதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய வரைபடத்தில் சின்ன வீடுகளுக்காக நீ சிவப்புப் புள்ளிகள் வைத்தாய். அது உனக்குச் சும்மா வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் பேச்சிலர் ரூமில் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் சலீம் இருந்தான். வாத்தியார் படிப்புப் படிக்க மஸ்கட்டிலிருந்து வந்தவன். சாயங்காலம் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வேலை செய்து வயிற்றைக் கழுவினான். எட்டு மாதத்தில் நாலு ரூம் மாறி உன்னிடம் வந்து சேர்ந்திருந்தான். ஊரில் அவன் தங்கையும் பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். பெண்கள் தங்க மரியாதையான வீடு இருந்தால் அனுப்புகிறேன் என்று அவன் அப்பா எழுதியிருந்தார்.

நாலு மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் பதில் எழுதும் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாய். மறுநாள் காலை கார்பன் எடுத்து வைப்பதற்குள் எனக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாய். பாலஸ்தீனத் தையல்காரர் உன்னை உட்காரவைத்து, தன் மகனும் கெய்ரோவில் இப்படித்தான் யார் தயவிலோ இருக்கிறான், இங்கே வருகிறவர்கள் வரட்டும், ஆனால் ரேடியோவைச் சத்தமாக வைக்கக் கூடாது என்று சொன்னாராம். மலையாள நர்ஸ் ஒருத்தி, மாணவர்கள் இருக்கட்டும், ஆனால் மாடிப்படி தனியாக இருக்க வேண்டும் என்றாளாம். “அண்ணாச்சி, யாருமே ஒரேயடியா வேண்டாம்னு சொல்லல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆனால் இருக்கு. அந்த ஆனாலைச் சரி பண்ணிட்டா வீடு ரெடி” என்றாய். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் உன் பொடி எழுத்தால் நிறைந்திருந்தது.

உம் ஃபஹத்தைப் பற்றிச் சொன்ன அன்று உன் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு, புருஷனை இழந்த குவைத்திப் பெண்மணி; உம் ஃபஹத் என்றால் அரபியில் ஃபஹத்தின் அம்மா. மகன் கல்யாணமாகித் தனியே போய்விட்டான். இரண்டு அறை காலி. பெண் பிள்ளைகள் என்றால் மட்டும் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். அன்றைக்கே சலீம் தன் அப்பாவுக்குக் கடிதம் போட்டான்.

கடைசியாக எங்கள் தெருவுக்கு வந்தாய். எனக்கு அடுத்த வீடு உன் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

“அண்ணாச்சி, இப்ப நான் ஆபீஸ் ஆளு. கேள்வி கேக்கேன், பதில் சொல்லுங்க” என்று சிரித்தாய்.

“வேற எங்க வேணா வைங்க தம்பி. இங்க வேணாம். பொண்ணுக்குப் பதிமூணு வயசு ஆகுது. எழுதிக்க” என்றேன்.

உன் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்தாய். அப்போது அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “பொம்பளப் புள்ளைங்களா இருந்தா இருக்கட்டும் தம்பி. பக்கத்துலதானே, நான் பாத்துக்கிறேன். எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்.”

“உன்னை யாரு கேட்டா?” என்றேன்.

நீ எழுதுவதை நிறுத்தவில்லை. “நான் கேக்கேன் அண்ணாச்சி” என்றாய்.

அட்டைகள் என் மேசைக்கு வந்தன. நகராட்சிக்கு ஒரு பக்க அட்டவணை போதும், சம்மதம் ஒரு கட்டம், மறுப்பு ஒரு கட்டம் என்றார் மேலாளர். அவர் சொன்னது அவ்வளவுதான். ‘ஆனால்’ சொன்னவர்களை எதில் போடுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

முதல் நாள் சிலரைச் சம்மதத்தில் போட்டேன். பிறகு எங்கள் தெரு வந்தது. என் அட்டை வந்தது. பின்பக்கம் அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு ஏறிய கோபம் உன்மேலா அவள்மேலா என்று இன்றைக்கும் தெரியாது. டைப்ரைட்டரில் இருந்த ஸ்டென்சில் தாளை உருவிக் கிழித்தேன். புதிதாக ஒன்று செருகி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ‘ஆனால்’ என்று ஒரு சொல் இருந்தாலும் மறுப்பு. தையல்காரர் மறுப்பு. நர்ஸ் மறுப்பு. இரண்டு அறையைத் திறந்து வைத்திருந்த உம் ஃபஹத் மறுப்பு. ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது. அடுத்த வீட்டில் அந்தப் புள்ளி இருக்கக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக ஊர் முழுக்க இருந்த புள்ளிகளை அழித்தேன்.

நகராட்சி சீக்கிரமே முடிவெடுத்தது. ஊர் சம்மதிக்கவில்லை, எல்லோருக்கும் ரிங் ரோட்டுக்கு அப்பால் ஒரே கட்டடம். ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குப் பிறகு பார்க்கலாம்.

நீ அட்டவணையின் ரோனியோ நகலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய். “அண்ணாச்சி, உம் ஃபஹத் வீடு மறுப்புல வந்திருக்கு. தையல்காரரும்தான். இது எப்படி?”

“மேனேஜர் அப்படித்தான் போடச் சொன்னார்” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! நீ ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு உம் ஃபஹத் வீட்டுக்குப் போனாய். தனியாகப் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை என்றாய். அவர் நம்மை உள்ளே அழைத்து, முதல் வேலையாக அந்த இரண்டு அறைகளைக் காட்டினார். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார். மெத்தைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் ஒரு விளக்கு. பெண் எந்த ஊர், பெயர் என்ன என்று உன்னிடம் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ சொன்னாய். அவருக்கு முதலில் புரியவில்லை.

“கலாஸ்?” என்றார், முடிந்ததா என்று.

“கலாஸ்” என்றாய்.

யார் வேண்டாம் என்றது என்று கேட்டார். நீ எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அந்த அளவு அரபி எனக்கும் புரிந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். ஊர்தான் என்று நீ சொன்னாய்.  அவர், நானும் இந்த ஊர்தானே, நான் சரி என்றுதானே சொன்னேன் என்றார். அதற்கான பதில் என்னிடம் இருந்தது.

மறுநாள் நகராட்சிக்கு ஒரு கடிதம் டைப் செய்து தரச் சொன்னாய். அட்டைகளில் இருப்பது வேறு, அட்டவணையில் இருப்பது வேறு, மேலாளர்தான் மாற்றச் சொன்னார் என்று. நான் மறுத்துவிட்டேன். “எனக்குக் குடும்பம் இருக்கு தம்பி.” சரி அண்ணாச்சி என்று கையாலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். நாலு நாளில் அது மேலாளரின் மேசைக்கு வந்தது.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. “இப்படி ஒரு உத்தரவை நான் யாருக்கும் கொடுக்கவே இல்லை!” உண்மையைச் சொல்லும் மனிதனின் கோபம் அது. உனக்கு அது பொய்யனின் கூச்சலாகக் கேட்டது. நீயும் பதிலுக்குக் கத்தினாய். அப்போது நான் எழுந்து அந்தக் கதவைத் திறந்திருக்கலாம். என் மேசையிலிருந்து பத்தடி இருக்கும். விரல்கள் பாட்டுக்கு எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தன.

அந்த வாரமே கஃபீல், நமக்கு விசா எடுத்துக் கொடுத்த முதலாளி, உன் விசாவைக் கேன்சல் செய்தார். ஏர்போர்ட்டுக்கு உன்னோடு வந்தது நானும் சலீமும்தான். உள்ளே போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. அந்த ஆளு பொய் சொல்லுதான்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும்லா? அது போதும்.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சலீம் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். நீயும் போய்விட்டாய்.

சலீமைப் பற்றி உனக்கு நான் எழுதவே இல்லை. அந்தப் பெரிய கட்டடத்துக்கு மாறிப் போனான். ஊருக்குள் வரக் காலையில் ஒரு பஸ், திரும்ப மூன்று மணிக்கு ஒரு பஸ். சாயங்காலக் கடை வேலை போயிற்று. அடுத்த வெயில் காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்டான். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று போகும்போது சொன்னான். உம் ஃபஹத்தின் இரண்டு அறைகளிலும் இப்போது ஒரு துணிக்கடைக்காரரின் சரக்கு கிடக்கிறது. அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

இந்த வருஷம் என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். கோயம்புத்தூர். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. லீவில் போய் அவளையும் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்றார்கள். ஒரு வீட்டுக்காரர் என்னைவிட மரியாதையாகச் சொன்னார். “தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுலயும் வயசுப் பொண்ணு இருக்கு.” கடைசியில் பதினெட்டு மைல் தள்ளி ஒரு தூரத்து உறவில் விட்டுவிட்டு வந்தேன். கடிதத்தில் எல்லாம் எழுதுகிறாள், அந்த வீட்டைப் பற்றி மட்டும் எழுதுவதில்லை.

உன் சாவுச் செய்தியை மனைவியிடம் சொன்னபோது அன்று முழுக்க அவள் சமைக்கவில்லை. இன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஸ்டென்சில், பொய், கண்ணாடிக் கதவு, ஏர்போர்ட். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“என்னை எதுல போட்டீங்க? மறுப்புலயா?”

“உனக்குன்னு தனி வரி இல்ல. வீட்டுக்கு ஒரு வரிதான். என் பேருல.”

“அப்ப நான் மறுப்புலகூட இல்ல.”

இல்லை என்றேன். எழுந்து போய், மகளுக்கு எழுத வாங்கி வைத்திருந்த காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“தம்பிக்கு எழுதுங்க.”

“செத்துப் போனவனுக்கா?”

“எழுதுங்க. எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க. நான் சொன்னது அதுல இருக்கான்னு நான் பாக்கணும்.”

எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் முடிப்பதற்காகக் காத்திருக்கிறாள். நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை தம்பி. கேட்டாலும் சொல்ல நீ இல்லை. அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் மேலே எழுதிவிட்டேன். படித்துக் காட்டப் போகிறேன். அதைக் கேட்க வேண்டியவர்களில் அவளைத் தவிர ஒருவர்கூட இங்கே இல்லை.