கழியில் கட்டிய சிவப்புத் துணி

என் ஏழுமலைக்கு,

வருகிற ஆடி வந்தால் நீ போய் ஒரு வருஷம். மஞ்சள்காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. அழவேண்டியதெல்லாம் அழுது முடித்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் கம்பெனியில் மறுபடி அழுதேன். அது வேறு மாதிரி அழுகை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பொன்னேரியில் நாம் பதினோராம் வகுப்புப் படித்தோமே. நான் கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவேன், நீ பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில். மூன்று நாளுக்கு ஒரு நாள் உன் இடம் காலியாக இருக்கும். ஏரியில் வலை கட்ட ஊருக்கு ஊர் முறை வைத்திருந்தீர்கள், பாடு என்று. உங்கள் பாடு வரும் நாளில் உனக்குப் படகு, மற்ற நாளில் பள்ளிக்கூடம். அரைப் பரீட்சையில் கணக்கில் தோற்றால் இனி எல்லா நாளும் படகுதான் என்று உன் நைனா சொல்லிவிட்டார்.

நீ என்னிடம் வந்தாய். கணக்கில் நான் புலி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்ததே! காலமுறைச் சார்பு என்றால் திரும்பத் திரும்ப வருவது, எத்தனை டிகிரியில் திரும்புகிறதோ அதுதான் அதன் காலம் என்று சொல்லி, சைன் வளைவை கிராஃப் தாளில் போட்டுக் காட்டினேன். ஆரம்பத்தில் பூஜ்யம், நூற்றெண்பதில் மறுபடி பூஜ்யம். "அப்ப காலம் நூற்றெண்பது, எழுதிக்கோ" என்றேன்.

நீ எழுதவில்லை. பென்சிலால் அந்த வளைவின் மேலேயே போய் வந்துகொண்டிருந்தாய்.

"இன்னா ராகவா, இங்க ஏறிக்கினு போவுது, அங்க எறங்கிக்கினு வருது. ரெண்டும் எப்டி ஒண்ணாவும்?"

"ரெண்டு இடத்திலயும் பூஜ்யம்தானேடா!"

"பூஜ்யம்தான். ஆனா வேற பூஜ்யம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். வேற பூஜ்யமாம்!

ஞாயிற்றுக்கிழமை என்னை முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய், கடல் ஏரிக்குள் நுழையும் இடத்துக்கு. காலையில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கழியை நட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் சிவப்புத் துணி கட்டினாய். கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. துணி முழுகியது. உச்சி வெயிலில் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. மிதந்த சருகுகூட அசையவில்லை. பிறகு அந்தச் சருகு மெல்லக் கடல் பக்கம் கிளம்பியது.

மூன்று மணி வாக்கில் தண்ணீர் மறுபடி துணியைத் தொட்டது. அதே மட்டம்.

"இப்ப சொல்லு. காத்தால கட்டுற மாரியே கடலப் பாத்து வலையக் கட்டுனா இப்ப மீனு வருமா?"

என் நோட்டில் கிடந்த கோடு இத்தனை பெரிய தண்ணீராக இருக்கும் என்று யார் கண்டது? மட்டமும் திரும்பவேண்டும், போகும் திசையும் திரும்பவேண்டும். அப்படியென்றால் முந்நூற்று அறுபது. உன்னை ஒரேயடியாகப் படகுக்கு அனுப்பப் பார்த்தவன் நான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. நீ தேறினாய். உன் நைனா என் கையில் ஒரு கூடை இறாலைக் கொடுத்து, "நீதான் வாத்தியாரு, எம் புள்ளையக் கரை சேத்துட்ட" என்றார். எங்கள் வீட்டில் இறால் வாசனையே ஆகாது. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நீ என் காலை நன்றாக மிதித்தாய்.

இப்போது எனக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் சோதனைக்கூட வேலை. போன வாரம் மின்சாரத்தைப் படமாகக் காட்டும் கருவி ஒன்று வந்தது. சின்னத் திரையில் பச்சை அலை கிடந்து துள்ளியது, நிற்கவே இல்லை. கையேட்டைப் புரட்டினேன். எந்த மட்டத்தில் வரையத் தொடங்கவேண்டும் என்று சொல்ல ஒரு குமிழ். அந்த மட்டத்தில் ஏறும்போதா இறங்கும்போதா என்று சொல்ல இன்னொன்று. இரண்டையும் திருப்பினேன். அலை நின்றுவிட்டது. உன் வேற பூஜ்யத்துக்கு ஒரு குமிழே வைத்திருக்கிறார்கள் ஏழுமலை! கூப்பிட்டுக் காட்ட நீ இல்லையே என்றுதான் அழுதேன்.

ஆடியில் அதே தேதி வரும். போன வருஷம் அந்தத் தேதி விடியும்போது நீ இருந்தாய். இது வேற தேதி, இல்லையா?

அன்றைக்கு முகத்துவாரத்துக்கு வருவேன், கழி நடுவேன். தண்ணீர் இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடமாட்டேன், மறுபடி ஏறி வந்து துணியைத் தொடும்வரை நிற்பேன். உன் நைனாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வாத்தியார் யார் என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை என் காலை மிதிக்க நீ இருக்கமாட்டாய்.

உன் கூடப்பிறக்காத தம்பி,
ராகவன்