க்ரீரின் கணக்கும் நார்பெர்ட்டின் நெஞ்சும்

செப்டம்பர் 7, ஞாயிறு

காகித ஆலையின் புகைக்கூண்டை வெடிவைத்துச் சாய்த்த வருஷம் இது. ஏரி சரியாக உறையாமல், பனிமேல் மீன் பிடிக்கப் போன பாதிரியாரின் வண்டி மூழ்கியதும் இதே வருஷம். நம் அமெரிக்கக் கால்பந்து அணி லாண்டன் க்ரீர் என்ற பையனைப் பந்தெறியும் குவார்ட்டர்பேக்காக எடுத்ததும் இந்த வருஷம்தான். மூன்றில் எது பெரிய நஷ்டம் என்று இன்னும் தெரியவில்லை.

எனக்கு எழுத்து வராது. மகள் டோரீன் கொடுத்த போன், நான் பேசுவதை எழுதிக்கொள்கிறது. எழுதியதை நானே படிக்கப் போவதில்லை. அதனால் தாராளமாகப் பேசலாம்.

பெர்னடெட்டின் மதுக்கடையில் முதல் ஆட்டம் பார்த்தோம். எங்கள் மேசைக்கு ஐந்து நாற்காலி. இப்போது உட்காருவது நானும் நார்பெர்ட்டும்தான். தோற்றோம். ஆனால் நார்பெர்ட்டின் முகமெல்லாம் சிரிப்பு.

"எறிஞ்சதுல நூத்துக்கு எழுபது நம்ம ஆள் கைக்குப் போயிருக்கு ஆல்வின். போன்ல போட்டிருக்கான்."

"எந்த ஆள் கைக்கு? பக்கத்துல நிக்கிறவன் கைக்கு. அப்படிப் பெர்னடெட்கூட எறிவா."

"என்னை எதுக்கு இழுக்குறீங்க, கிழவனுங்களா" என்றாள் அவள், கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

செப்டம்பர் 21

மறுபடி தோல்வி. ஜெயித்தாகிவிட்டது என்று எதிரணி தன் நல்ல ஆட்களை எல்லாம் வெளியே உட்கார வைத்து, அவர்கள் கையுறையைக் கழற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், க்ரீர் இரண்டு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தான். நார்பெர்ட் எழுந்து கை தட்டினான்.

"எதிராளி வீட்டுக்குப் போக வண்டிச் சாவி தேடுறான்டா. அப்ப எறிஞ்சா யாருக்குத்தான் விழாது?"

"கணக்குக்கு மணி பாக்கத் தெரியாது ஆல்வின்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நம் பழைய குவார்ட்டர்பேக் மெர்ல் டோபினை நினைவுபடுத்தினேன். பால் வண்டிகள் மூன்று நாள் சாலையில் புதைந்து கிடந்த பனிப்புயல் வருஷம். எதிரே நிற்பவன் முகம் தெரியாத பனியில் எறிந்து ஜெயித்தவன்.

"டோபினா? எறிஞ்சதுல பாதி எதிராளிக்குல்ல போச்சு."

"மீதிப் பாதியிலதான்டா ஜெயிச்சோம்."

செப்டம்பர் 28

எங்கள் மேசையின் சட்டம்: அணி தோற்றால், குவார்ட்டர்பேக்குக்குப் பரிந்து பேசியவன் அடுத்த வாரம் டிவிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஆக நார்பெர்ட் இந்த வருஷ ஆட்டத்தை எல்லாம் எதிரே புட்டி அடுக்கியிருக்கும் கண்ணாடியில்தான் பார்க்கிறான். அதில் க்ரீர் இடக்கைக்காரன். அப்படியும் நல்லவனாகவே தெரிகிறானாம்.

அக்டோபர் 10, வெள்ளி

பொரித்த மீன் சாப்பிடும் நாள். நார்பெர்ட் பாதி மீனைத் தட்டிலேயே விட்டான். அறுபது வருஷமாகப் பார்க்கிறேன், அவன் மீனை விட்டதில்லை.

பிறகு சொன்னான். நெஞ்சில் வால்வு போய்விட்டதாம். அறுக்க வேண்டும். அறுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள், இவனே தேர்ந்தெடுக்கலாமாம். ஃபெல்ட்கம்ப் என்ற டாக்டரின் கையில் அநேகமாக யாரும் சாவதில்லை. ஆஸ்ட்ராண்டர் என்ற டாக்டரம்மாவின் கையில் சாகிறவர்கள் அதிகம். இரண்டையும் ஆஸ்பத்திரியே எண்ணாகப் போட்டிருக்கிறது.

அப்பாடா என்று இருந்தது. எண் என்றால் நார்பெர்ட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அக்டோபர் 12

ஆஸ்ட்ராண்டராம்.

"உனக்கென்ன பைத்தியமா? எண்ணைப் பாருடா" என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

"எண்ணு எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். ஃபெல்ட்கம்ப் லேசான கேஸை மட்டும் எடுக்குறான். பக்கத்துல நிக்கிறவனுக்கு எறியறான். மத்தவங்க கைவிட்டதெல்லாம் அந்தம்மாகிட்டதான் வருது. அவ பனியில எறியறவ. டோபின் மாதிரி."

"உன் கேஸு லேசோ என்னவோ. ஃபெல்ட்கம்ப் எடுக்கறேன்னுதானே சொல்றான்?"

"எடுக்கறேன்னான். பேசுன நேரம் பூரா காகிதத்தைப் பாத்தான். அவ என் நெஞ்சுல கை வெச்சுப் பாத்தா. வெறும் கண்ணால பாக்கணும்னு எத்தனை வருஷமா கத்துற. இப்ப நான் பாத்தா ஏன் குதிக்கிற?"

பெர்னடெட் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் இடம் மாத்தி உக்காந்துட்டீங்களா?"

குடித்துவிட்டு வாய்க்கு வந்தபடி பேசுகிறோம், அது ஒரு பொழுதுபோக்கு. எவனாவது அதை நம்பி நெஞ்சைத் திறக்கக் கொடுப்பானா? கொடுக்கிறான். என் பேச்சை நம்பி. இத்தனை வருஷமும் ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளாதவன், இதிலா ஒத்துக்கொள்வான்?

அக்டோபர் 19

ஜெயித்தோம். கொட்டும் மழை. க்ரீர் மூன்று பந்தை எதிராளிக்குத் தானம் செய்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று தூரமாக எறிந்தான், ஜெயித்துவிட்டது. டோபின் எறிந்தது போலவே இருந்தது. இதை வெளியே சொல்லவில்லை.

நார்பெர்ட் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். "பையன் கணக்கு கெட்டுப்போச்சே."

ஊரே கொண்டாடியது. எங்கள் மேசையில் மட்டும் துக்கம்.

நவம்பர் 4

நாளைக்கு அறுக்கிறார்கள். ஆஸ்ட்ராண்டரின் எண்ணை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். "நேத்து படிச்சதேதான் அப்பா" என்றாள் டோரீன்.

நவம்பர் 5

ஆஸ்பத்திரி நடைவழியில் நானும் டோரீனும் காத்திருந்தோம். காபி, காபி, காபி. ஒரு நர்ஸ் ஓடினால் நானும் எழுந்து நிற்பேன்.

சாயங்காலம் அந்தம்மா வந்தாள். "படத்துல தெரிஞ்சதைவிட உள்ள மோசமா இருந்துச்சு. ஆனா முடிச்சுட்டேன்" என்றாள். அவள் போட்டிருந்த ஆபரேஷன் தொப்பியில் நம் பரம எதிரி அணியின் சின்னம். நார்பெர்ட்டிடம் இதைச் சொல்லக்கூடாது. தையல் பிரிந்துவிடும்.

நவம்பர் 6

கண் திறந்தானாம். முதல் கேள்வி: இன்றைக்கு ஞாயிறா, க்ரீர் நூற்றுக்கு எத்தனை.

டிசம்பர் 14, ஞாயிறு

நார்பெர்ட் கடைக்கு வந்தான். உடம்பு பாதி ஆகிவிட்டது. வாய் அப்படியே இருக்கிறது.

"நான் பொழைச்சதுல அந்தம்மா எண்ணு கொஞ்சம் தேறியிருக்கும் தெரியுமா" என்றான்.

போன வாரம் தோற்றிருந்தோம். டிவியைப் பார்த்தே உட்காரடா, உடம்பு சரியில்லாதவனுக்குச் சட்டம் கிடையாது என்றேன். கேட்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நானும் நாற்காலியைத் திருப்பி அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தோம். இடக்கை க்ரீர் ஒன்றும் மோசமில்லை.

"குட்டையா எறியறான், பாரு" என்றேன்.

"கைக்குப் போகுதுல்ல?"

பின்னால் மேசையில் மூன்று நாற்காலி காலி. எல்மர், ஆற்றுப் பாலம் உடைந்த வருஷம் போனான். ஸ்டான், பாலாடைக்கட்டித் தொழிற்சாலை எரிந்த வருஷம். ரே, போன வருஷம் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தின வாரம். நான் வாயைத் திறந்தால் இல்லை என்று சொல்ல இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருத்தன்தான். நார்பெர்ட்.